புகை வீட்டுக்குள் வரக்கூடாது: குன்னூரில் ஒரு பழைய கணப்பைச் சரிசெய்த கதை

நீலகிரியில் பழைய வீட்டில் இருப்பவர்கள் கணப்பை, அதாவது குளிர்காய்வதற்காகச் சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொன்னால், அநேகமாக முகப்பைத்தான் சொல்கிறார்கள். சுற்றிலும் கிரானைட் ஒட்டுவார்கள், மேல்பலகைக்கு வார்னிஷ் அடிப்பார்கள், இரண்டு பக்கமும் விளக்கு வைப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டிசம்பரில் விறகை அடுக்கி மூட்டினால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் கண் எரியும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வருடம் அந்த இடத்தில் டிவி வந்துவிடும்.

குன்னூரில் எங்கள் வீட்டுக் கணப்பும் பல வருடங்களாக மூடித்தான் கிடந்தது. என் மாமனார் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனமான சுவர்கள், மங்களூர் ஓட்டுக் கூரை, கூடத்தில் பலகைத் தரை. கணப்பைப் பற்றி எப்போது கேட்டாலும் மாமா ஒரே பதில்தான் சொல்வார்: "அதைத் தொடாதேம்மா, வீடெல்லாம் புகையாயிடும்." ஏன் புகைகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கு அந்த 'ஏன்' தான் முக்கியமாகப் பட்டது. காரணம் தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் நானும் என் கணவரும் வேலையில் இறங்கினோம்.

எங்களுக்குக் கணப்பு தேவைப்பட்டது அழகுக்காக இல்லை. உதகை அளவுக்குக் குன்னூர் உறைவதில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் நாள்கணக்காகப் பெய்யும். துணி காயாது, அலமாரிக்குள் பூஞ்சணம் பூக்கும், புத்தக அட்டைகள் வளையும். மின்சார ஹீட்டர் காலடியைச் சூடாக்கும், சுவரில் ஊறிய ஈரத்தை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்கு மூச்சுத் தொந்தரவு இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் கிடையாது.

முதல் வேலை, வாயை அடைத்திருந்த தடுப்பை எடுப்பது. பெயின்ட் அடித்த பலகை மாதிரி இருந்தது. ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பழைய வீடுகளில் சூடு தாங்கும் என்று இதைத்தான் கணப்பு வாயில் வைத்து அடைப்பார்கள். இதைச் சுத்தியால் உடைத்து எடுக்கவே கூடாது. உடையும்போது பறக்கும் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்தோம். ஆணிகளைக் கழற்றி, ஷீட்டை உடையாமல் முழுதாக எடுத்து, கனமான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓரத்தை டேப் போட்டு ஒட்டினோம். கீழே விழுந்த துகளை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதோடு சேர்த்துக் கட்டினோம். விளக்குமாறு போடவில்லை.

அடுத்தது கூரை. கணப்பு வேலை மேலிருந்து கீழே வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மேலே அடைப்பு இருந்தால் பயன் இல்லை. மேலிருந்து விழும் கரியும் கல்லும் புது வேலையைத்தான் கெடுக்கும்.

ஓட்டுக் கூரையில் ஏறும் வேலையை மட்டும் நாங்கள் செய்யவில்லை, அதற்கு ஆள் வைத்தோம். பாசி படிந்த மங்களூர் ஓடு வழுக்கும், நடுவில் மிதித்தால் உடையும். பழகிய ஆட்கள் கூரை முகட்டில் கொக்கி மாட்டிய ஏணியைப் படுக்கவைத்து, அதன் மேல்தான் நடப்பார்கள். நம் கையால் செய்கிறோம் என்ற ஆசைக்கு இங்கே ஒரு எல்லை போட்டுக்கொள்வது நல்லது.

மேலே போனவர் இறக்கியது குருவிக் கூடுகள், சில்வர் ஓக் இலைச் சருகு, உடைந்த செங்கல். புகைபோக்கித் தலையில் மூடி கிடையாது, இத்தனை வருட மழையும் நேராக உள்ளேதான் இறங்கியிருக்கிறது. கூடத்துச் சுவரில் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் திரும்பத் திரும்ப வந்த மஞ்சள் கறைக்குக் காரணம் அதுதான். மழைநீர் கரியில் ஊறி, அதிலிருக்கும் உப்பையும் தாரையும் கரைத்துக்கொண்டு சுவர் வழியே கசிகிறது. அதற்கு மேல் எந்த பெயின்ட்டும் நிற்காது.

கரியைச் சுத்தம் செய்ய நீளக் கயிறு, அதன் நடுவில் கம்பி பிரஷ், கீழே ஒரு எடைக்கல். மேலே ஒருவர், கீழே ஒருவர், மாறி மாறி இழுக்கவேண்டும். அதற்கு முன்னால் கணப்பின் வாயை ஈரச்சாக்கால் மூடி, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீடு முழுக்கக் கரி. என்-95 மாஸ்க், கண்ணாடி, தலைக்குத் துண்டு மூன்றும் கட்டாயம். விழுந்த கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் சரி. தகடு தகடாகவோ, கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளப்பாகவோ இருந்தால் அது பச்சை விறகு எரித்ததால் வந்த தார்ப்படிவு. அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள்ளே புகை ஏறிப் போகும் வழியான புகைக்குழல் முழுக்க எரியும். அப்படிப்பட்ட படிவு சுரண்டி எடுக்கும்வரை நெருப்பு மூட்டக்கூடாது. எங்கள் வீட்டில் மேல்பகுதியில் தூள்தான் இருந்தது. நெருப்பறையிலிருந்து புகை மேலே ஏறும் தொண்டைக்குப் பக்கத்தில் தகடாகப் படிந்திருந்ததை உளியால் மெதுவாகச் செதுக்கி எடுத்தோம்.

பிறகு புகைச் சோதனை. இதை யாரும் தவிர்க்கவேண்டாம். கீழே ஒரு தகர டப்பாவில் ஈரச் சருகைப் புகையவிட்டு, மேலே புகைபோக்கித் தலையை நனைந்த சாக்கால் மூடிவிட வேண்டும். அப்புறம் வீடு முழுக்கச் சுற்றிப் பார்க்கவேண்டும். கூடத்தில் ஒன்றும் தெரியவில்லை. மச்சில் ஏறிப் பார்த்தபோது, புகைக்குழல் கடந்து போகும் இடத்தில் செங்கல் இடுக்கு வழியே நூல் நூலாகப் புகை வந்தது. பக்கத்திலேயே கூரையைத் தாங்கும் மரச்சட்டம். பழைய மலைவீடுகளில் கூரை தீப்பிடிக்கிற வழிகளில் இது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் பொறி போகும், காய்ந்த மரம் மெதுவாகக் கனியும். சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அநேகமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. தச்சரைக் கூப்பிட்டு அதை நகர்த்தி, குறுக்கே வேறொரு சட்டம் போட்டுத் தாங்கவைத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனோம்.

இடுக்கு அடைக்க என்ன சாந்து என்பதில் எங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பெரிய விவாதம் நடந்தது. "சிமென்ட் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசக்கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புகைக்குழல் சூடேறும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். சுண்ணாம்புச் சாந்து அதோடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமென்ட் அசையாது, செங்கல்தான் வெடிக்கும். ஈரமும் சுண்ணாம்பு வழியே வெளியேறும். சிமென்ட் பூசினால் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, அதன் முகத்தைப் பொரித்துத் தள்ளிவிடும். எங்கள் புகைபோக்கியில் எப்போதோ யாரோ சிமென்ட் பூசிய பக்கத்தில்தான் செங்கல்கள் அதிகமாக உதிர்ந்திருந்தன.

சுண்ணாம்பை நீற்றித் தண்ணீரில் ஊறவைத்து, சலித்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு மணல் என்று கலந்தோம். செங்கல் தூள் சேர்த்தால் ஈரமான இடத்திலும் சாந்து இறுகும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்தோம். பழைய கொத்தனார்கள் வழக்கம் அது. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். முக்கியமாக, இந்த வேலைக்குக் காலம் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை செய்யுங்கள். மழையிலும் கடுங்குளிரிலும் சுண்ணாம்பு பிடிக்காது. கடும் வெயிலில் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும், ஈரச்சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும்.

புகைபோக்கித் தலையில் நான்கு மூலையிலும் செங்கல் கால் நிறுத்தி, மேலே கற்பலகை வைத்து, சுற்றிலும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை கட்டினோம். குருவியும் சருகும் போகாது, பொறியும் வெளியே பறக்காது. குன்னூர் மழை பக்கவாட்டில் அடிக்கும் என்பதால் பலகை நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓடும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் அலுமினியத் தகட்டை மடித்து, மேல் ஓரத்தைச் செங்கல் இடுக்குக்குள் செருகிச் சாந்து வைத்தோம். உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி. அதோடு, சுற்றிப் பத்து அடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டு அடி அதிகம். அதற்குக் குறைந்தால் காற்று கூரையில் மோதிப் புகையைக் கீழே தள்ளும். எங்களுடையது போதுமான உயரம்தான்.

அப்படியானால் ஏன் புகைகிறது? இங்கேதான் இந்த வேலையின் சாரம் இருக்கிறது.

1796-இல் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன், புகையும் கணப்புகளை எப்படிச் சரிசெய்வது என்று விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: கணப்பு அறையைச் சூடாக்குவது காற்றால் இல்லை, நெருப்பும் சுட்ட செங்கல்லும் வீசும் கதிரால். எனவே ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்து, நெருப்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். புகை மேலே போகும் தொண்டையை நான்கு அங்குலமாகக் குறுக்கவேண்டும். உதகையில் ஆங்கிலேயர்கள் வீடு கட்டத் தொடங்கியது அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு. இருந்தாலும் எங்கள் வீட்டைக் கட்டியவர்கள் ரம்ஃபோர்டைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெரிய சதுரப் பெட்டி, அதற்கு மேலே நேராக ஓட்டை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கணப்பு வாயின் பரப்பு, புகைக்குழலின் உள்பரப்பைப்போல் பத்து மடங்குக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். டேப் எடுத்து அளந்தோம். வாய் 36 அங்குல அகலம், 32 அங்குல உயரம், மொத்தம் 1152 சதுர அங்குலம். குழல் உள்ளே ஒன்பதுக்கு ஒன்பது, 81 சதுர அங்குலம். பதினான்கு மடங்குக்கும் மேல்! குறுகிய புனலில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தால் வெளியே வழியும் அல்லவா, அதுதான் இத்தனை வருடம் நடந்திருக்கிறது. மாமாவிடம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஃபேக்டரியில் டிரையர் அடுப்புகளோடு வாழ்ந்தவர், உடனே புரிந்துகொண்டார். "அப்ப வாயைச் சின்னதாக்கணும்" என்றார்.

எவ்வளவு சின்னதாக்குவது என்பதை எதையும் கட்டாமலே கண்டுபிடிக்கலாம். புகைக்குழல் சுத்தமான பிறகு சிறிய நெருப்பு மூட்டி, வாயின் மேல்பகுதியில் ஒரு தகரத்தைக் குறுக்கே பிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஓர் இடத்தில் புகை அறைக்குள் வருவது நின்றுவிடும். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். எங்களுக்கு ஒன்பது அங்குலத்துக்கு மேல் இறக்கவேண்டி இருந்தது. கணக்கும் அதைத்தான் சொன்னது. ஆனால் அகலத்தை அப்படியே விட்டு உயரத்தை மட்டும் அவ்வளவு குறைத்தால் கணப்பு நசுங்கிய மாதிரி இருக்கும், நெருப்பின் கதிரும் அறைக்கு வராது. அதனால் இரண்டையும் பகிர்ந்தோம். தரையில் கடும் சூடு தாங்கும் தீச்செங்கல்லை ஒரு வரி படுக்கவைத்து மூன்று அங்குலம் உயர்த்தினோம். இரண்டு பக்கமும் நாலரை அங்குலம் உள்ளே வரும்படி சாய்வுச் சுவர் எழுப்பினோம். இப்போது வாய் 27-க்கு 29, அதாவது 783. பத்து மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

தீச்செங்கல்லுக்கு அலையவேண்டியதில்லை. தேயிலை ஃபேக்டரிகளில் இலை உலர்த்தும் டிரையரின் அடுப்புக்கு உள்ளே இதைத்தான் வைத்துக் கட்டுகிறார்கள். கோயம்புத்தூரில் வார்ப்புப் பட்டறைகள் நிறைய இருப்பதால் அங்குள்ள கடைகளிலும் கிடைக்கும். ஐ.எஸ். 6, ஐ.எஸ். 8 என்று தரம் கேட்பார்கள். வீட்டுக் கணப்புக்கு முதலாவதே போதும். அளவு ஒன்பது, நாலரை, மூன்று அங்குலம். சாதாரண செங்கல் வேண்டாம். நெருப்பு நேராகப் படும் இடத்தில் அது சீக்கிரமே பிளக்கும்.

ஃபேக்டரி அடுப்புகளுக்குச் செங்கல் வைக்கும் ஒரு மேஸ்திரியை மாமாவுக்குப் பழக்கம். அவர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து சொல்லித்தந்தது, நாங்கள் படித்த எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது. "டீச்சர், சாந்து தடியா வெக்காதீங்க. செங்கல் செங்கல்லைத் தொடற மாதிரி இருக்கணும்" என்றார். தீக்களிமண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, செங்கல்லை அதில் தோய்த்து, அழுத்தித் தேய்த்து உட்காரவைக்க வேண்டும். இடுக்கு கால் அங்குலத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும். "அண்ணே, இது காயவே இல்லையே" என்று கேட்டதற்கு, "நெருப்புப் பட்டாத்தான் இறுகும், அதுவரைக்கும் மண்ணுதான்" என்றார். உண்மைதான். தீக்களிமண் காற்றில் உலர்ந்து நிற்கும், சூட்டில்தான் கெட்டியாகும். மேலே புகைபோக்கிக்குச் சுண்ணாம்பு, கீழே நெருப்பறைக்குத் தீக்களிமண். இரண்டையும் இடம் மாற்றிப் போடக்கூடாது.

பின்சுவருக்கு ரம்ஃபோர்டு சொன்ன அளவு, முன்வாய் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 27 அங்குல வாய்க்குப் பின்னால் ஒன்பதுதான் வரும். நாங்கள் விறகு எரிக்கிறோம், அவ்வளவு சிறிய இடத்தில் கட்டை உட்காராது. அதனால் பதினாறு அங்குலம் விட்டு, ஆழத்தைப் பதினான்காக வைத்தோம். சாய்வு கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவே அட்டைப்பெட்டி அட்டையைச் செருகிவைத்துக் கட்டினோம். அது எரிந்து கருகிப் போனதும் ஒரு மெல்லிய இடைவெளி கிடைக்கும், தீச்செங்கல் விரிவதற்கு இடம். பின்சுவரை மேல்விட்டத்துக்குச் சில அங்குலம் மேலே வரை எழுப்பி நிறுத்தி, முன்பக்கத்துக்கும் அதற்கும் நடுவே நான்கு அங்குலத் தொண்டை விட்டோம். பின்சுவருக்குப் பின்னால் மட்டமான ஒரு திட்டு. மேலிருந்து காற்று எதிர்த்து இறங்கினால் அந்தத் திட்டில் மோதித் திரும்பும், அறைக்குள் நேராகப் பாயாது.

முகப்பு வேலை கடைசியாக வந்தது. மேல்பலகையில் அடுக்கடுக்காக எனாமல் பெயின்ட். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பெயின்ட் எதிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும், தவழும் குழந்தை இருந்தால் அதன் வாய்க்குத்தான் முதலில் போகும். நாங்கள் பெயின்ட் ரிமூவர் தடவி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஊறியதும் சுரண்டி எடுத்தோம். சுரண்டியதைச் செய்தித்தாளில் அள்ளி மூடிக் கட்டினோம். உள்ளேயிருந்து தேக்கு வந்தது. வார்னிஷ் போடாமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசினேன்.

மரச் சட்டம் கணப்பு வாயிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். மேலே முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கு ஒரு அடி வேண்டும். பலகைத் தரை இருந்தால் கணப்புக்கு முன்னால் பதினாறு அங்குலமும், பக்கத்துக்கு எட்டு அங்குலமும் கல் இருக்கவேண்டும். கட்டை வெடித்தால் கங்கு அந்தத் தூரம் தெறிக்கும். நாங்கள் கடப்பாக் கல் போட்டோம். வெளித்திட்டுக்கு அது போதும், நெருப்பறைக்குள் போடக்கூடாது. வார்ப்பிரும்புத் தட்டியின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, பைக் சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் அடித்தோம். சாதாரண பெயின்ட் முதல் நாளே பொங்கி நாறும்.

முதல் நெருப்பைப் பெரிதாக மூட்ட எல்லோருக்கும் ஆசை இருக்கும். செய்யாதீர்கள். செங்கல்லிலும் களிமண்ணிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். சில நாட்களுக்குக் கைப்பிடி சுள்ளி மட்டும் எரித்தோம், பிறகு ஒரு கட்டை, அப்புறம் இரண்டு. மூட்டுவதற்கு முன்னால் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தொண்டைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். குழலில் இறங்கி நிற்கும் குளிர்காற்று சூடாகி மேலே நகரத் தொடங்கும். அந்த இழுப்பு வந்ததும் விறகு மூட்டினால் புகை தானாக அதன் பின்னால் போகும்.

எல்லாம் சரியாகக் கட்டியும் சில வீடுகளில் புகை வருவதற்கு இந்தக் காலத்துக் காரணம் ஒன்று உண்டு. பழைய மரஜன்னல்களை எடுத்துவிட்டு, காற்றே புகாத யு.பி.வி.சி. ஜன்னல் போடுகிறோம். சமையலறையில் மின்சார சிம்னி வைக்கிறோம். கணப்பு காற்றை மேலே அனுப்ப வேண்டுமானால் அந்த அளவு காற்று வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தாகவேண்டும். ஜன்னல் எல்லாம் இறுக மூடி, சமையலறை சிம்னி ஓடிக்கொண்டிருந்தால் அது கணப்பின் குழல் வழியாகவே காற்றை இழுக்கும், புகையும் கூடவே இறங்கும். எங்கள் வீட்டில் கணப்பு எரியும்போது சமையலறை சிம்னியைப் போடுவதில்லை, கூடத்து ஜன்னல் ஒன்று ஓர் அங்குலம் திறந்திருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியாது. புகைபோக்கி இல்லாத எந்த நெருப்பையும் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். விருந்தினர் வந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். கணப்பு இருந்தாலும் அதன் பக்கத்து அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து இரவே வாயைப் பலகையால் அடைக்கக்கூடாது. சாம்பலுக்குள் கங்கு விடியும்வரை இருக்கும்.

விறகு விஷயத்தில் நான் சீகை (வாட்டில்) மரத்தின் பக்கம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், சோலைகளையும் புல்வெளியையும் தின்று பரவிக்கொண்டிருக்கிறது. நின்று எரியும், நல்ல கங்கு பிடிக்கும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எரியும், ஆனால் நன்றாகக் காயாவிட்டால் தார் அதிகம். மூட்டுவதற்குத் தேயிலைச் செடியைக் கவாத்து செய்த காய்ந்த குச்சிகளைப்போல் வேறொன்று கிடையாது. எந்த மரமானாலும் பிளந்து, மழை படாத காற்றோட்டமான கொட்டகையில் குறைந்தது ஒரு வருடம் கிடக்கவேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும், வெட்டுமுகத்தில் விரிசல் தெரியும், அதுதான் பதம். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் வருடச் சட்டப்படி அனுமதி வேண்டும். சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று கோடாரி எடுக்காமல், ரசீதோடு விற்கும் விறகுக் கடையில் வாங்குங்கள்.

வெறும் சூடு மட்டும்தான் வேண்டும் என்றால் திறந்த கணப்பைவிட மூடிய இரும்பு அடுப்பு சிக்கனம். திறந்த நெருப்பில் சூட்டின் பெரும்பகுதி மேலே போய்விடும், ரம்ஃபோர்டின் சாய்வுச் சுவர் போட்டாலும். எங்கள் வீட்டில் புகைக்குழல் உள்சுவரில் போவதால், அணைந்த பிறகும் அந்தச் சுவர் சில மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கிறது. வெளிச்சுவரில் புகைபோக்கி உள்ள வீடுகளுக்கு இந்தப் பலன் குறைவு, அவர்கள் யோசித்து முடிவு செய்யட்டும். போன நவம்பர் மழைக்குக் கூடத்து மஞ்சள் கறை திரும்ப வரவில்லை. மாமா சாயங்காலமானால் நாற்காலியை இழுத்துக்கொண்டு அங்கேதான் உட்காருகிறார்.

சாம்பலை முழுக்க அள்ளிவிடாதீர்கள். ஒரு அங்குலம் தரையில் இருந்தால் அடுத்த நெருப்பு சுலபமாகப் பிடிக்கும். மீதியை மூடியுள்ள தகர வாளியில் இரண்டு மூன்று நாள் ஆறவைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். நீலகிரி மண் புளிப்புத்தன்மை உள்ளது, சாம்பல் அதைக் குறைக்கும். பீன்ஸுக்கும் முட்டைகோஸுக்கும் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேண்டும், அதன் பக்கம் போடவே போடாதீர்கள். ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் அந்தச் செடியின் அடியில் போடவேண்டாம், பூ இளஞ்சிவப்பாக மாறிவிடும்.